பசை சாரின் இரண்டு தட்டுகள்

பசை சார் நாக்கை நீட்டி அதன் நுனியில் நகத்தளவு துண்டு ஒன்றை வைக்கிறார். கையை எடுத்த பிறகும் துண்டு விழவில்லை. பிய்த்து எடுத்து இடது பக்கத் தட்டில் போடுகிறார். அடுத்த துண்டு நாக்கில் நிற்காமல் உள்ளங்கையில் விழுகிறது. அது வலது பக்க வாளிக்குப் போகிறது. ஒட்டினால் எலும்பு, ஒட்டாவிட்டால் கல். பழைய எலும்பில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் உண்டாம். ஈரத்தைக் கண்டால் உறிஞ்சும். கல்லுக்கு அந்தத் தாகம் கிடையாது.

நாற்பத்தோரு வருடம் ஆஸ்பத்திரி வார்டுகளில் கை கழுவச் சொல்லியே தொண்டை தேய்ந்தவள் நான். முதல் நாள் இதைப் பார்த்ததும் சத்தம் போட்டேன். அவர் கோபப்படவில்லை. "இது செத்து மூணு லட்சம் வருஷம் ஆச்சு சிஸ்டர். இதுல இருந்த கிருமிக்கு நாமதான் கருமாதி பண்ணணும்" என்றார். ஒரு டம்ளர் தண்ணீரை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டார், என் திருப்திக்கு.

அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்தில், கார்கள் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் அவருடைய அறை. ஜன்னல் தரைமட்டத்தில் இருப்பதால் வெளியே போகிறவர்களின் செருப்பு மட்டும்தான் தெரியும். குகைகளிலிருந்து பெரிய பாறைக்கட்டிகளாக வெட்டி எடுத்து வருவதை இங்கே இறக்குவார்கள். கட்டிக்குள் இருக்கும் எலும்பை வெளியே எடுப்பது அவர் வேலை. பல் டாக்டர்கள் கழித்துப்போட்ட ஊசிகள், குழந்தைகள் படம் வரையும் தூரிகை, மூன்று வகைப் பசை. ஒரு நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்தால் ஒரு தீப்பெட்டி அளவு கல் உதிரும். உடைந்த துண்டுகளைப் பொருத்தி ஒட்டி, பசை காயும்வரை மணல் நிரப்பிய தட்டில் நட்டு வைப்பார். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் 'பசை சார்'. சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருக்கும். யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

இரண்டு துண்டுகள் ஒன்றோடொன்று சேரும் இடத்தைக் கண்ணால் நம்பமாட்டார். இமைகளை மூடிக்கொண்டு, விரல் நுனியால் மெதுவாகத் திருப்பிப் பார்ப்பார். சரியான இடம் வந்ததும் துண்டுகள் சின்னதாக ஒரு முறை அழுந்தி நின்றுவிடும். "கடிச்சிடுச்சு" என்பார். கடித்தால்தான் பசை. கடிக்காததை எந்தப் படிப்பாளி வந்து ஒட்டச் சொன்னாலும் ஒட்டமாட்டார். "அது வேற வீட்டுப் பிள்ளை சார்" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

எனக்கு அவரைத் தெரிந்தது அவருடைய அக்கா மூலமாக. அக்காவுக்கு மூன்று வயதில் ஒரு காய்ச்சல். வலது கால் விளங்காமல் போனது. அறுபத்தொரு வயதில் சக்கர நாற்காலியிலிருந்து சரிந்து தோள் முறிந்தபோது, காலையில் வந்து குளிப்பாட்டி உடுத்திவிட ஆள் தேடினார்கள். ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்க முடியாத நான் போனேன். அக்கா ஒரு டாக்ஸி நிலையத்தில் போன் எடுப்பவர். இருபது ஓட்டுநர்களை ஒரு காதில் வைத்து மேய்ப்பவர் என்பதால், தண்ணீர் சூடு போதாது என்பதைக்கூட எனக்கு வண்டி எண் சொல்கிற தோரணையில்தான் சொல்வார்.

வீடு மூன்றாம் மாடி. லிப்ட் கிடையாது. சக்கர நாற்காலி கீழே, படிக்கட்டின் அடியில் சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கும். தினமும் காலையில் தம்பி வாசலில் திரும்பி நின்று முட்டியை மடக்குவார். "பிடிச்சுக்கோக்கா" என்பார். அக்கா நல்ல கையால் அவர் கழுத்தைச் சுற்றிக்கொண்டு, நெற்றியால் அவர் பின்மண்டையில் ஒரு முட்டு முட்டுவார். அதுதான் கிளம்பலாம் என்பதற்கு அடையாளம். பதினான்கு வயதிலிருந்து அவர்தான் சுமக்கிறார்; அதற்கு முன்னால் அப்பா. இப்போது தம்பிக்கு ஐம்பத்தெட்டு. இறங்கும்போது இரண்டு முட்டியும் நெறுநெறுக்கும் சத்தம் பின்னால் வரும் எனக்கே கேட்கும். தைலம் தேய்த்துக்கொள்ளச் சொன்னேன். இரண்டு நாள் தேய்த்தார்.

படி மொத்தம் ஐம்பத்து நான்கு. படிக்குப் பன்னிரண்டு லட்சம் வருடம் என்று அவர் கணக்கு. வீட்டு வாசல் என்பது இன்றைக்கு. முதல் படி இறங்குவதற்குள் நம்மைப்போன்ற மனிதர்கள் வந்த காலம் தாண்டிவிடும். மூன்றாவது படிக்கு முன்னால் கையிலிருந்து கல் ஆயுதம் நழுவிவிடும். ஐந்தாவது, ஆறாவது படியில் நிமிர்ந்து நடப்பதை மறந்துவிடுவோம். இரண்டாம் மாடி தாண்டி மூன்று படி போனால் தண்ணீர் மீட்டர் பெட்டி. அங்கே வால் முளைத்துவிடும். அதற்கப்புறம் முழுக்க மரம்தான். தெருவில் போய்ச் சேரும்போது பெரிய கண்ணும் பிடிமானமுள்ள விரலும் கொண்ட, அணில் அளவு ஏதோ ஒன்றாக இருப்போம்.

"விவசாயம் எங்க வருது?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"மேல் படியில பெயிண்ட் அடிச்சிருக்காங்க பாருங்க, அந்தப் பூச்சு கனம். விதைச்சது, ஊர் கட்டினது, எழுதினது, சண்டை போட்டது, நீங்க நர்ஸ் வேலைக்குப் படிச்சது, எல்லாம் அதுக்குள்ளதான்."

"காலங்கார்த்தால ஆறரைக் கோடி வருஷம் இறக்கிவிட்டு, ஆபீசுக்கு லேட்டுன்னு வேற பறக்கறான்" என்றார் முதுகிலிருந்த அக்கா. "ஒழுங்கா இறங்குடா குரங்கே. மீட்டர் பெட்டில என் கால் இடிக்குது."

நான் எதற்கும் எளிதில் வாய் பிளக்கிறவள் இல்லை. பிறப்பும் சாவும் ஒரே ஷிப்டில் பார்த்திருக்கிறேன். ஆனால் அன்று அந்த மேல் படியின் ஓரத்தில் பெயிண்ட் பெயர்ந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

அவர் மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போகும் நாட்களில், என் வழியில் இருப்பதால், டப்பாவை நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். அப்படித்தான் அந்தத் திங்கட்கிழமை போனேன். மேசை மேல் இரண்டு நீளத் தட்டுகள் அடுத்தடுத்து இருந்தன. அவருடைய வாழ்நாள் வேலை அது. ஒரே குகையிலிருந்து வந்த ஒரே பாறைக்கட்டி. உள்ளிருந்ததை வெளியே எடுக்கவே ஒன்பது வருடம்; அது முடிந்தும் பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. ஒரு தட்டில் தடித்த இடது தொடையெலும்பு, அதோடு இடது பக்க இடுப்பெலும்பு, முதுகுத்தண்டின் அடியில் இருக்கும் முக்கோண எலும்பு. இன்னொரு தட்டில் மெலிந்த வலது தொடையெலும்பு, வலது பக்க இடுப்பெலும்பு. முதலாவது ஆண், மற்றது அவன் மனைவி என்று மேலே முடிவாகியிருந்தது. 'ஆதி ஜோடி' என்று சுவரொட்டிகூட அச்சாகி, மாடிப்படியின் பக்கத்தில் சுருட்டி வைத்திருந்தார்கள். அதில் தாடிக்காரன் ஒருவன் ஈட்டியோடு நிற்க, பின்னால் ஒல்லியாக ஒரு பெண் நின்றாள்.

வெள்ளிக்கிழமை வண்டி வருவதாகச் சொன்னார். கணவன் இங்கேயே இருப்பான். மனைவி கடல் கடந்து வேறொரு அருங்காட்சியகத்துக்கு, நிரந்தரமாக. பெண் அனுப்புகிற வீடு மாதிரி பெட்டியில் பஞ்சு வைத்துக்கொண்டிருந்தார்.

டப்பாவை வைக்க இடம் தேடிக் குனிந்தவள், தட்டுகளைப் பார்த்தேன். அன்று காலையில்தான் அவருடைய அக்காவின் இரண்டு கால்களுக்கும் சோப்புப் போட்டுத் துடைத்துவிட்டு வந்திருந்தேன். அவர் அக்கா என்றில்லை. அந்த மாதிரிக் கால்கள் என் கை வழியாக நூற்றுக்கணக்கில் போயிருக்கின்றன. சின்ன வயதில் விழுந்த கால் மெலிந்தே வளரும், ஒரு விரற்கடை குட்டையாகவும் நிற்கும். அதன் பங்கையும் சேர்த்துச் சுமக்கிற மற்ற கால் தூண் மாதிரி தடித்துவிடும்.

"இதை எதுக்கு ரெண்டு தட்டுல வச்சிருக்கீங்க? ஒரே ஆள்தானே?" என்று கேட்டேன்.

பஞ்சைக் கையில் வைத்தபடி நின்றார். பிறகு மெலிந்த எலும்பைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். தொடையெலும்பின் பின்னால் மேலிருந்து கீழாக ஒரு வரம்பு ஓடும். தசை இழுத்து இழுத்து உண்டாக்குவது. தடித்த எலும்பில் அது கயிறு மாதிரி புடைத்திருந்தது. மெலிந்ததில் வழவழவென்று ஒன்றுமே இல்லை. இன்னும் வளர்ந்து முடியாத இளம்பெண் என்று அதனால்தான் நினைத்தார்களாம். ஆனால் வளரும் எலும்பின் முனை தனியாகப் பிரிந்திருக்கும்; இதில் அது இறுகி மூடியிருந்தது. முழு வளர்ச்சி அடைந்தவருடைய எலும்பு. அது அவரைப் பல வருடம் உறுத்தியிருக்கிறது. உறுத்தலுக்கு மேல் போகவில்லை. "அளவு வேற, அதனால ஆள் வேறன்னு வச்சுட்டேன்" என்றார். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் எலும்புகளை இரண்டு தட்டாகப் பிரித்தது வேறு யாருமில்லை, அவர்தான். அந்தப் பிரிப்பின் மேல்தான் மேலே இருப்பவர்கள் கல்யாணம் பண்ணி வைத்திருந்தார்கள்.

அன்று டப்பா திறக்கப்படாமலே வீட்டுக்கு வந்தது.

மறுநாள் காலை படி இறங்கும்போது நடுவில் நின்றுவிட்டார். அக்காவின் இரண்டு முட்டிக்கும் கீழே கை கொடுத்துத்தான் அவர் சுமப்பது. "இந்தக் கை நிறையுது, இந்தக் கை நிறையல" என்று தனக்குத்தானே சொன்னார். விஷயத்தை அக்காவுக்கு இரவே சொல்லியிருந்தார் போல.

"நாப்பத்து நாலு வருஷமா தூக்கறே. உனக்கு நேத்து வந்த சிஸ்டர் சொல்லணுமா?" என்றார் அக்கா. குரலில் கிண்டல்தான், ஆனால் முழுக்கக் கிண்டல் இல்லை.

"உன் கால் உன் காலாத்தான் இருந்துச்சுக்கா. அது எலும்புன்னு நான் நினைச்சதே இல்ல."

அக்கா, நேரமாகிறது என்று பின்மண்டையில் முட்டினார்.

அவருக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. வாயை மூடிக்கொண்டால் வெள்ளிக்கிழமை ஒரு மனுஷி இரண்டாகப் பிரிந்து ஆளுக்கொரு கரையில் கண்ணாடிக்குள் கிடப்பாள்; அடுத்த வருடம் இவர் மாலையோடு ஓய்வு பெறுவார். வாயைத் திறந்தால், தப்பு செய்யாத கை என்று முப்பது வருடமாகப் பேர் வாங்கிய கைதான் தப்பு செய்தது என்று தானே சொல்ல வேண்டும். படிப்பு பத்தாம் வகுப்பு. மேலே எல்லோரும் டாக்டர் பட்டம். ஒரு தடவை நம்பிக்கை போனால் கடைசி வருடம் முழுக்க அவர் ஒட்டுகிற ஒவ்வொன்றையும் இன்னொருவர் வந்து சரிபார்ப்பார். இதெல்லாம் அவர் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் மருந்து மாற்றிக் கொடுத்துவிட்டதை ஒப்புக்கொள்ளப் போகும் நர்சின் முகம் எனக்குத் தெரியும்.

முதலில் எலும்பிடமே கேட்டார். அந்த முக்கோண எலும்பின் இரண்டு பக்கத்திலும் இடுப்பெலும்புகள் வந்து சேரும் பரப்புகள் உண்டு. அது ஆணுடையது என்று எழுதிவைத்ததால், அதன் இடது பக்கத்தில் இடது இடுப்பு கடித்ததைப் பார்த்ததோடு சரி. வலது பக்கம் பன்னிரண்டு வருடமாக வெறுமனே கிடந்தது. புருஷனுடைய முதுகில் பெண்டாட்டியின் இடுப்பை வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. புதன்கிழமை மதியம் அதை வைத்துப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு, மூச்சை நிறுத்தி. நான் டப்பாவோடு வாசலில் நின்றேன். கையசைவு நின்றது. வழக்கமாகச் சொல்லும் வார்த்தையைச் சொல்லவில்லை. கண்ணைத் திறக்கவும் இல்லை. நான் மேசைக்கருகில் போய் டம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்தேன்.

பிறகு கையைக் கழுவிக்கொண்டு, இயக்குநர் மேடத்தைக் கீழே அழைத்து வந்தார். என்னை இருக்கச் சொன்னார். உயிரோடு இருக்கிறவர்களின் கால் பற்றிக் கேட்டால் சொல்ல ஆள் வேண்டுமாம். மேடம் நேரமில்லாத முகத்தோடுதான் வந்தார். பசை சார் விளக்கம் எதுவும் கொடுக்காமல் முக்கோண எலும்பை மணல் தட்டில் நட்டுவைத்து, வலது இடுப்பெலும்பை மேடத்தின் கையில் கொடுத்தார். "நீங்களே வைங்க மேடம். நான் வச்சா பசை வச்சிருக்கேன்னு தோணும்."

மேடம் கண்ணாடியைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார். ஒரு முறை வழுக்கியது. கொஞ்சம் திருப்பினார். அந்தச் சின்ன அழுத்தம் அவர் கையில் ஏறியதை நான் அவர் தோளில் பார்த்தேன். நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார். வெளியே ஜன்னலில் இரண்டு மூன்று ஜோடிச் செருப்புகள் போயின.

"இது ஒருத்தர்னா, போஸ்டர்ல தாடி வச்சிருக்கறது யாரு?" என்றார் கடைசியில்.

"அவர் இல்லவே இல்ல மேடம். அவரை நான்தான் உண்டாக்கிட்டேன்."

மேடம் சிரிக்கவில்லை. தப்பு எங்கே நடந்தது என்று கேட்டார். தன் கையில் என்றார் இவர், பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், மெலிந்ததை எடுத்துத் தனியாக வைத்த அன்றைக்கு. காரணத்தையும் சொன்னார், சாக்கு எதுவும் சேர்க்கவில்லை. மேடம் என் பக்கம் திரும்பி, இப்படிப்பட்ட கால்கள் எப்படி இருக்கும் என்று நாலைந்து கேள்வி கேட்டார். நானும் நறுக்கென்று சொன்னேன். குகை பற்றி அப்போதுதான் பேச்சு வந்தது. அதன் வாய் செங்குத்தான பாறையில், மூன்றாள் நான்காள் உயரத்துக்கு மேலே. கைகால் நன்றாக இருப்பவர்களே கயிறு கட்டித்தான் ஏறினார்களாம். உள்ளே அடுப்புச் சாம்பல் அடுக்கடுக்காக இருந்தது. ஒரு நாள் தங்கிய இடமில்லை, வருடக்கணக்கில் வந்து போன இடம்.

இடுப்பெலும்பு சேரும் பரப்பின் தேய்மானத்தைப் பார்த்தால் நாற்பது வயதுக்குக் குறையாது. சின்ன வயதில் கால் விழுந்தவள் நாற்பது வரை இருந்திருக்கிறாள். பேச்சு என்ற ஒன்று நம் மாதிரி இருந்ததா என்றே நிச்சயமாகத் தெரியாத காலத்தில், சிறுத்தையும் கழுதைப்புலியும் சுற்றித் திரிந்த வெளியில், யாரோ ஒருவர் தினமும் திரும்பி நின்று முட்டியை மடக்கியிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை வந்த வண்டி காலிப் பெட்டியோடு திரும்பியது. வெளியிலிருந்து இரண்டு நிபுணர்கள் வந்து மூன்று வாரம் அளந்தார்கள். ஒரே ஆள், பெண் என்று எழுதிக் கொடுத்தார்கள். சுவரொட்டிகளின் வெறும் பக்கத்தை இப்போது அலுவலகத்தில் கணக்குப் போடப் பயன்படுத்துகிறார்கள். கோப்பில் இருந்த பழைய குறிப்பின் கீழே, 'அளவு வேறென்பதால் ஆள் வேறென்று பிரித்தது என் தவறு' என்று அவர் தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். யாரும் எழுதச் சொல்லவில்லை. அவர் பயந்தபடியே, இப்போது அவர் ஒட்டுவதைச் சரிபார்க்கத் தினமும் ஒருவர் மேலிருந்து வருகிறார். "வரட்டும். ரெண்டு கண்ணைவிட நாலு கண்ணு நல்லதுதானே" என்கிறார். நாக்கில் வைத்துப் பார்க்க மட்டும் அந்த ஆளுக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

அக்காவின் தோள் கூடிவிட்டது. என் வேலையும் முடியப்போகிறது. போன வாரம் ஒரு நாள் காலை, இறங்கத் தொடங்கியதும், முதுகிலிருந்தபடி அக்கா கேட்டார்: "அவளை யாருடா தூக்கினது?"

"தெரியலக்கா. தூக்கினவங்க தட்டுல இல்ல."

"இருந்தாலும் தெரியாதில்ல. தூக்கப்பட்டவளுக்குத்தான் எலும்புல எழுதியிருக்கு. தூக்கினவனுக்கு என்ன இருக்கு?"

"முட்டி தேஞ்சிருக்கும்" என்றேன் பின்னாலிருந்து. தைலம் தேய்க்காத கோபம் எனக்கு.

அவர் முதல் படியில்தான் இருந்தார், அந்தப் பெண்ணின் காலத்துக்கு முக்கால் படி கீழே. நின்று, தலையை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தார். பிறகு அக்காவை ஒரு தடவை மேலே தூக்கிச் சரிசெய்துகொண்டு இறங்கினார். மீட்டர் பெட்டியைத் தாண்டியும் வால் பற்றிய பேச்சே வரவில்லை.

நேற்று டப்பாவோடு போனபோது மேசையில் எதுவும் இல்லை. பெரிய எலும்புகளெல்லாம் ஒரே பெட்டியில் மேலே போய்விட்டன. சுவரோரம் ஒரு மர அலமாரி. 'யாருடையதென்று தெரியாதவை' என்று எழுதி ஒட்டிய இழுப்பறைகள். அதே குகையிலிருந்து வந்த, யாரோடும் சேராத துண்டுகள் அவற்றில் வருடக்கணக்கில் கிடக்கின்றன. ஒன்றை முழுதாக வெளியே இழுத்து மடியில் வைத்திருந்தார். முட்டிச்சில்லுகளை மட்டும் பொறுக்கி, துணி விரித்து வரிசையாக வைத்திருந்தார்; பதினொன்று இருந்தன. என்னைக் கவனிக்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து, உள்பக்கத்தைக் கட்டைவிரலால் கண்மூடித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற கை அவருடைய சொந்த முட்டியின் மேல் இருந்தது.